கெண்டித் தண்ணீர்

ஞானோபதேச வகுப்பில் கேள்வி பதில் ஒப்புவிப்பதில் எப்போதும் எனக்குத்தான் முதல் பரிசு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குருவானவர் இல்லாத அவசரத்தில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்றொரு கேள்வி இருந்தது. யாரும் கொடுக்கலாம், வேற்று மதத்தவர்கூட. தலையில் தண்ணீர் ஓட வேண்டும், ஊற்றுகிறவரே வார்த்தைகளையும் சொல்ல வேண்டும், திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். பரிசாகக் கிடைத்த ஜெபமாலையைத் தவிர அந்தப் பதிலால் எனக்கு வேறு பிரயோசனம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

தமிழர் வீடுகளைத் தேடி எரித்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரம் எங்கள் ஊர் உக்குவளைக்கும் வந்தது. வேலை விஷயமாகக் கண்டிக்குப் போன என் கணவர் ஊரடங்கில் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். ஏழு மாத வயிற்றோடு நான் தனியாக இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்து முஸ்லிம் வீட்டுப் பெண் பின்கதவால் வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவரை நான் லாத்தா என்பேன். அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மிளகு மூட்டையும் கராம்பு மூட்டையும் அடுக்கியிருந்த அறையில் என்னை ஒளித்து வைத்தார். எங்கள் வீடு எரிந்த புகை அந்த அறைக்குள்ளும் வந்தது. புகையா மிளகு நெடியா என்று தெரியாமல் இருமிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் விடியற்காலை வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. லாத்தாதான் எல்லாம் பார்த்தார். பெண் குழந்தை. மெல்ல ஒரு தரம் அழுதது, பிறகு மூச்சை விட்டு விட்டு இழுத்தது. தங்காது என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

ஞானஸ்நானம் பெறாத குழந்தை மோட்சத்துக்குப் போகாது, வாசலுக்கு வெளியேதான் நிற்கும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். நானும் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு அதையே கூசாமல் படிப்பித்திருந்தேன். இப்போது என் பிள்ளை. எழுந்திருக்கப் பார்த்தேன். இரத்தம் நிற்கவில்லை, தலையைத் தூக்கினால் கண் இருண்டது.

"லாத்தா, நீங்க தண்ணி ஊத்துங்க. நான் சொல்றத அப்படியே சொல்லுங்க. இல்லாட்டி புள்ள மோட்சத்துக்கு வெளியதான் நிக்கும்" என்று வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் முகம் வெளிறியது. "பிதா, சுதன்னா? அல்லாஹ்வுக்குப் புள்ள ஈக்கிண்டு நான் சொல்றதா? எங்கட மார்க்கத்துல இதவிடப் பெரிய பாவம் இல்ல தங்கச்சி."

"தெரியும் லாத்தா" என்றேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். ஆபத்துக்குப் பாவமில்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் குழந்தையைப் பார்த்தார். பிறகு, தொழுகைக்கு முன் கைகால் கழுவுகிற கெண்டியை எடுத்து வந்தார். பழக்கத்தில் முதலில் பிஸ்மில்லா சொன்னார். அதன்பின் குழந்தையின் தலையில் தண்ணீர் ஓட ஓட, நான் சொன்ன வார்த்தைகளை ஒன்று விடாமல் சொன்னார். பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது குழந்தை அடங்கிவிட்டது.

ஊரடங்கு தளர்ந்ததும் கணவர் வந்து சேர்ந்தார். பங்குச் சுவாமியாரும் வந்து, என்ன சொல்லி ஊற்றினீர்கள் என்று லாத்தாவைக் கேட்டார். அவர் பிஸ்மில்லாவிலிருந்து தொடங்கி முழுவதையும் சொல்லிக் காட்டினார். அந்த வார்த்தைகளை இரண்டாவது தடவையும் அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "செல்லும்" என்றார் சுவாமியார். ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கான மந்திரித்த நிலத்தில், பெயர் வைத்து, பிள்ளையை அடக்கம் செய்தோம்.

நான் அழவில்லை. அழுத்தக்காரி என்று சனம் சொன்னது. அழுத்தமெல்லாம் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டால் அது இருப்பது மட்டும் தெரியும், அப்படித்தான் இருந்தேன். வீட்டைத் திரும்பக் கட்டினோம். வேறு பிள்ளைகள் பிறந்தார்கள். மறுபடி ஞாயிறு வகுப்பும் எடுத்தேன். பாவமன்னிப்பு, உயிர்ப்பு, நித்திய ஜீவியம் எல்லாம் வாயில் சரளமாக வந்தன. போர் நடந்துகொண்டே இருந்தது. வானொலியில் செத்தவர்களின் தொகையைச் சொல்வார்கள், நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன்.

லாத்தாவின் மகன்மார் தலையெடுத்ததும் உம்மாவை ஹஜ்ஜுக்கு அனுப்ப ஆசைப்பட்டார்கள். லாத்தா ஒவ்வொரு வருடமும் ஒரு சாக்குச் சொன்னார். முழங்கால் வலி, மருமகளின் பிரசவம், கூரை ஒழுக்கு. "நீங்க புறப்படுறதுக்குள்ள மக்காவுக்கு பஸ்ஸே விட்டுருவாங்க" என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு வருடம் மகன்மார் கேட்காமலே பயணத்தை ஒழுங்கு செய்துவிட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அதற்கு முன் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளுக்கு மாப்புக் கேட்பது வழக்கம். ஒருநாள் காலையில் லாத்தா எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா மாப்புத் தாங்க தங்கச்சி."

"நீங்களா என்கிட்ட கேக்குறீங்க? நல்ல கூத்து" என்றேன்.

விஷயம் முடிந்தது என்று தேத்தண்ணீர் போட எழுந்தேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"ஹஜ் செஞ்சா, பொறந்த புள்ள மாதிரி பாவமெல்லாம் அழிஞ்சிரும்டு சொல்றாங்க. அதுதான் எனக்குப் பயம்."

"அதுல என்ன பயம்?"

"அண்டைக்கு நான் சொன்ன வார்த்தைக்கு இதுவரைக்கும் தவ்பா கேக்கல்ல. மத்த எல்லாத்துக்கும் அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டீக்கிறேன், அதுக்கு மட்டும் கேக்கல்ல. அத அவன் அழிச்சிட்டா, ஒங்கட புள்ளைக்குக் குடுத்ததும் சேந்து அழிஞ்சிருமா? புள்ள வெளிய வந்திருமா?"

தன் மார்க்கத்தில் ஆகப் பெரிய பாவம் என்று நம்பிய ஒன்றை, இருபது வருடத்துக்கு மேலாக, கழுவாமல் தன் தலையிலேயே வைத்திருந்திருக்கிறார். பிறர் பாவத்தைச் சுமந்தவரைப் பற்றி எத்தனையோ ஞாயிறு படிப்பித்தவள் நான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி அப்படிச் சுமந்துகொண்டு துணி காயப் போட்டதை ஒருநாளும் காணவில்லை.

நல்லவேளையாக அந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் பாடம். ஞானஸ்நானம் ஆத்துமாவில் அழியாத முத்திரையைப் பதிக்கிறது.

"அழியாது லாத்தா" என்றேன். "ஒரு தரம் குடுத்தா குடுத்ததுதான். குடுத்தவங்களாலயும் திருப்பி எடுக்க ஏலாது. எங்களுக்கு அப்படித்தான் படிப்பிச்சிருக்கு."

"மெய்யா?"

"மெய்யாத்தான். நீங்க தவ்பா கேளுங்க."

அவர் அந்தக் கதிரையிலேயே இரண்டு கைகளையும் விரித்து, கண்ணை மூடிக்கொண்டார். உதடுகள் நெடுநேரம் அசைந்தன. கைகளால் முகத்தைத் தடவி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப புள்ள உள்ளுக்குத்தான் ஈக்கிறா?"

"உள்ளுக்குத்தான் இருக்கா லாத்தா" என்றேன். குழந்தை போன பிறகு நான் அழுதது அன்றுதான்.