மாமா ஜெனரேட்டர் ஓட்டிப் பார்த்த சனிக்கிழமை

நாடு முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிக்கொண்டிருந்த வருடம் அது. எல்லாருக்கும் இருண்டுபோன அந்தக் காலத்தில் எங்கள் மாமாவுக்கு மட்டும் வேலை குவிந்தது. அம்மாவின் ஒரே தம்பி அவர். பண்டாரவளையில் ஒரு கடையில் தண்ணீர் மோட்டாரும் புல்வெட்டும் மெஷினும் பழுது பார்த்துக்கொண்டிருந்தவரிடம் திடீரென்று ஊரே ஜெனரேட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. கடையில் வைக்க இடம் போதாமல், சின்ன ஜெனரேட்டர்களை முச்சக்கர வண்டியில் ஏற்றி, தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற எங்கள் லயத்துக்கே கொண்டுவந்துவிடுவார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை என்பதால் மாமா எங்களோடுதான் தங்கியிருந்தார்.

அந்த மெஷின்களில் பாதிக்குப் பெரிய வியாதி ஒன்றும் கிடையாது. என்றைக்கோ ஆசையாக வாங்கி, மூலையில் சாக்குப் போட்டு மூடி, மறந்துபோனவை. கரண்ட் நின்ற அன்றைக்குக் கயிற்றை இழுத்தால் அது ஏன் எழும்பும்? மாமா பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, பிளக்கைக் கழற்றித் தேய்த்து, கறுத்துப்போன ஆயிலை மாற்றி, லயத்துக் கோடியில் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் வைத்துக் கயிற்றை இழுப்பார். மெஷின் இருமி, புகையைத் துப்பி, பிறகு சீராக ஓட ஆரம்பிக்கும். எங்களுக்கு அதுவே போதும், கைதட்டுவோம். மாமாவுக்குப் போதாது.

"சும்மா ஓடுறது ஓட்டமில்ல பாப்பா. சுமையக் குடுத்துப் பாக்கணும்" என்பார்.

சுமை என்பது ஒரு பலகை. வரிசையாகப் பல்ப் மாட்டிய பலகையும், கூடவே ஒரு பழைய இஸ்திரிப் பெட்டியும். அவற்றை இணைத்ததும் மெஷின் உறுமும். பல்புகள் ஒரு கணம் மங்கி, பிறகு தெளிந்து எரியும். அப்படியே வெகுநேரம் ஓடவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டப்பகலில் எரியும் அந்தப் பல்புகளைப் பார்க்கவே லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கூடுவோம். எங்களைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்துவார். "புகைப் பக்கம் நிக்காதீங்க. இதோட புகை கண்ணு எரியாமலே ஆள முடிச்சிரும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

அக்காவுக்கு அது பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான ஏ.எல் எழுதும் வருடம். எங்கள் லயத்திலிருந்து அந்தப் படிவரை ஏறியவள் அவள் ஒருத்திதான். பின்னேரமானால் கரண்ட் போய்விடும்; ஆகவே பகலில்தான் படிக்க வேண்டும். பக்கத்துக் காம்பராவில் ஒருவர் தும்மினால் நம் காம்பராவில் விளக்கு நடுங்குகிற லயத்தில் அவள் எப்படித்தான் படித்தாளோ. மாமாவுக்கு அவள் படிப்பில் அப்படியொரு பெருமை. மோட்டார் சைக்கிள் பேட்டரி ஒன்றில் சின்ன பல்ப் பொருத்தி அவள் மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார். டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அக்கா படித்ததோ கணக்கியல். அதைச் சொன்னாலும் அவர் கேட்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமா குடிக்காதவர். அம்மாவின் அப்பா குடித்தே செத்தவராம். அவரைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு, பதினைந்து வயதுப் பையனான மாமா அம்மாவின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாராம், ஒரு சொட்டுத் தொடமாட்டேன் என்று. திருவிழாவிலும் கல்யாணத்திலும் லயத்து ஆண்கள் அவரைக் கேலி செய்வார்கள். அம்மா அந்தக் கேலியைக் கேட்கும்போதெல்லாம் முகம் மலர்ந்துபோவாள். ஊரில் பெருமைப்பட எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து மழை. பண்டாரவளையில் கோழிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் முதலாளியின் ஜெனரேட்டர் மாமாவிடம் இருந்தது. கடையில் ஐஸ் பெட்டி நிறைய இறைச்சி. பின்னேரம் கரண்ட் போவதற்குள் மெஷின் கடைக்குப் போயாக வேண்டும். மாமா வேலையை முடித்துவிட்டார். சுமை கொடுத்துப் பார்ப்பதுதான் பாக்கி. மழையில் பீலிப் பக்கம் கொண்டுபோக முடியாமல் எங்கள் இறவாரத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தார். தகரக் கூரையில் மழைச் சத்தம், அதற்குக் கீழே இந்தச் சத்தம். லயமே அதிர்ந்தது.

அக்கா புத்தகத்தோடு வெளியே வந்தாள். மாமா மெஷினை நிறுத்தினார்.

"மாமா, ஒரு வரி மண்டையில ஏறல. வேற எங்கயாவது கொண்டுபோய் ஓட்டுங்களேன்."

"இந்த மழையில எங்க கொண்டுபோறது?"

அக்கா கையை நீட்டிக் காட்டினாள். கொஞ்சம் தள்ளி, பழைய பிள்ளைக்காம்பரா இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போன இடம். புதிதாக ஒன்று கீழே கட்டிய பிறகு அதில் உர மூட்டைகள்தான் கிடந்தன. கல்சுவர். ஜன்னல்களுக்குத் தகரம் அடித்திருந்தார்கள்.

"அதுல வச்சுக் கதவச் சாத்திக்கிட்டா சத்தம் கேக்காதுல்ல" என்றாள் அக்கா.

மாமா மெஷினைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் அழுதுவிடுவாள் போலிருந்தது.

"சரிங்க டாக்டரம்மா. கொஞ்ச நேரந்தானே" என்று சிரித்தார்.

நான் வாசற்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். உள்ளே அடுப்படியில் அம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் அங்கே இல்லை.

மாமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மெஷினை முதலில் தூக்கிப் போனார். பிறகு வந்து பலகையை எடுத்துப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் எங்கோ தூரத்தில் வண்டு பறப்பதுபோல ஆகிவிட்டது. அக்கா உள்ளே போய்ப் படிக்கத் தொடங்கினாள். அன்றைக்கு அவள் நன்றாகவே படித்தாள் என்று நினைக்கிறேன். ஒருமுறைகூட எழுந்து வரவில்லை.

அம்மா தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். அது ஆறிப்போனது. "என்ன இவன் இவ்வளவு நேரம்" என்று தானே எழுந்து போனாள். வண்டுச் சத்தம் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது பெரிதாகி, உடனே நின்றது. கதவு திறந்ததால் பெரிதானது. அம்மா மெஷினை நிறுத்தியதால் நின்றது. பிறகு அம்மா என்னையோ அக்காவையோ கூப்பிடாமல், பக்கத்துக் காம்பரா ஆண்களைத்தான் கூப்பிட்டாள்.

தோட்டத்து லொறியில் தூக்கிப் போட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறியில் ஏற்றும்போது நான் பார்த்தேன். மாமாவின் முகம் வெயிலில் நின்றுவிட்டு வந்தவர்போலச் சிவந்திருந்தது. அதனால் உயிர் இருக்கிறது என்றே நினைத்தேன். வழியிலேயே, இல்லை, அதற்கும் வெகு முன்னாலேயே முடிந்துவிட்டதாம்.

விசாரணைக்கு வந்தவரிடம் மழைக்காகக் கதவைச் சாத்தியிருப்பான் என்று அம்மா சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். லயத்து ஆட்கள் அப்படிப் போகிறவர்களா? சவப்பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, வருகிறவர்கள் எல்லாரும் அதையேதான் கேட்டார்கள். புகைப் பக்கம் நிற்காதே என்று ஊருக்கே சொன்ன ஆள், தானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவானா?

அக்கா பெட்டியின் கால்மாட்டில் சுவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் தலையை நிமிர்த்துவாள். பிறகு குனிந்துகொள்வாள். மூன்றாவது லயத்துப் பெரியவர் ஒருவர் வந்து அதையே சத்தமாகக் கேட்டார்.

"மெஷின் தெரிஞ்ச பய. கதவ எதுக்குமா சாத்துனான்?"

அக்கா நிமிர்ந்தாள். "நான்..." என்று ஆரம்பித்தாள்.

"குடிச்சிருந்தான்" என்றாள் அம்மா.

அம்மா பெட்டியைப் பார்க்காமல் பெரியவரின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"கொஞ்ச நாளாவே குடிச்சிக்கிட்டுத்தான் இருந்தான். வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு நான் மறைச்சேன். அன்னைக்குப் பகல்லயே ஊத்திக்கிட்டான். அதான் புத்தி வேல செய்யல."

கோழிக்கடை முதலாளியும் வந்திருந்தார். தன் மெஷினால் வந்த சாவு என்று காலையிலிருந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தவர். அவர் ஒரு அடி உள்ளே வந்தார்.

"தங்கச்சி, கொற நெனைக்காதீங்க. எத்தன வருஷமா அவனத் தெரியும். பிளேன்டீயத் தவிர வேற ஒன்னும் தொட மாட்டானே."

"உங்களுக்குத் தெரியாதுங்க முதலாளி" என்றாள் அம்மா.

அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு ஏனோ அக்காவைப் பார்த்தார். "சரி தங்கச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்ப வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "பொய். மாமா குடிக்கவே மாட்டாரு" என்று கத்தினேன். அம்மா எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை அடித்ததில்லை. கூட்டத்தில் யாரோ என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, "சின்னப் புள்ள, பாசம்" என்றார்கள்.

அதன் பிறகு அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பதில் அவ்வளவு சுலபமாக இருந்தது. அப்பனைப்போலப் பிள்ளை என்றார்கள். கருமாதி வருவதற்குள் பிள்ளைக்காம்பராவில் உர மூட்டைக்குப் பின்னால் போத்தலைக் கண்டதாகவே இரண்டு பேர் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அம்மா எதையும் மறுக்கவில்லை. மலையில் கொழுந்தெடுக்கும்போது பெண்கள் பேசினால் அவளும் தலையாட்டினாளாம்.

அக்கா பரீட்சை எழுதினாள். எழுதமாட்டேன் என்று படுத்துக் கிடந்தவளை அம்மா ஒவ்வொரு நாளும் எழுப்பி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். இன்றைக்கு அவள் மொனராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் தங்குவாள், அம்மாவின் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவாள். மாமாவைப் பற்றி மூன்று பேரும் பேசுவதில்லை.

பிள்ளைக்காம்பராவைக் காட்டி அக்கா சொன்னது அன்றைக்கு அடுப்படியில் இருந்த அம்மாவுக்கும் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வயது வந்த பிறகுதான் தோன்றியது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா தன் தம்பியைப் பெட்டியில் வைத்துக்கொண்டே குடிகாரன் என்றாள் என்பதுதான். அந்த வீட்டில் மாமாமேல் பாசம் வைத்திருந்தது நான் ஒருத்திதான் என்று முடிவு செய்து, அடுத்த தீபாவளி வரைக்கும் நான் அம்மாவோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அதையும் அவள் ஏன் என்று கேட்கவில்லை.