தங்கத்துக்கா, தண்ணீருக்கா

மறுபடியும் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கலாம் என்று, சரவணம்பட்டி ஆபீஸில் மதிய இடைவேளையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்: எடை, காயிலின் அகலம், ஈர மண்ணில் உளறுமா, இரும்பை ஒதுக்கத் தெரியுமா. முதல் கேள்விக்கே கடைக்காரர் குறுக்கே வந்தார்.

"தங்கத்துக்குங்களா, தண்ணிக்குங்களா?"

அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். பழைய இரும்பு போட்டுவைத்த டப்பாவைத் திறந்ததுபோல விரல்களில் துரு வாடை அடித்தது.

கல்லூரியின் கடைசி வருடம் நானும் நஸ்ரினும் ஒரு டிடெக்டர் செய்தோம். பிவிசி குழாய், பிளாஸ்டிக் தட்டில் சுற்றிய செம்புக் கம்பி, அவள் வீட்டுப் பழைய ரேடியோவின் ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் உடுமலைப்பேட்டை பக்கம் என் மாமாவின் தென்னந்தோப்புக்குப் போவோம். புதையல் தேடுவதாகத்தான் பெருமை. கிடைத்ததெல்லாம் மாட்டு லாடம், சோடா மூடி, உடைந்த ஏர்க் கொழு. நான் ரகம் பிரித்து ஒரு டப்பாவில் அடுக்குவேன். நஸ்ரின் என்னைப் பழைய இரும்புக்கடை ஓனரம்மா என்பாள்.

பக்கத்துத் தோட்டம் பழனிச்சாமி அண்ணனுடையது. அந்தக் கோடையில் அவருடைய போர்வெல் வற்றிவிட்டது. தோட்டத்தை அடமானம் வைத்து இன்னொன்று போடும் யோசனையில் இருந்தார். உள்ளங்கையில் தேங்காயோடு நடந்து நீரோட்டம் சொல்பவர்களை எங்கள் பக்கம் நம்பாதவர்கள் குறைவு. கத்தும் குழாயோடு இரண்டு பெண்கள் நடந்தால் அவர் வேறென்ன நினைப்பார்? தன் வடக்கு மூலையிலும் கொஞ்சம் நடக்கச் சொன்னார். நடந்தோம், கத்தியது. போர் போட அந்த இடத்தில் அடையாளக் கல்லை வைத்துவிட்டார்.

நஸ்ரின் பதறிப்போய் அங்கே தோண்டி, ஒரு லாடத்தை எடுத்துக் காட்டினாள். நான் காந்தப்புலம் வரைக்கும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அது மேல கெடக்கறதுங்க அம்மணி. கீழ இருக்கறதச் சொல்லுங்க."

போர் வண்டிக்கு நாளைக்கே சொல்லிவிடுவாராம். நஸ்ரின் கருவியின் உணர்திறன் திருகை முழுக்கத் திருப்பினாள். அந்த அளவில் அது வெறும் மண்ணுக்கும் கத்தும். (இப்போது வருபவை மண்ணைத் தாமாகவே ஒதுக்கிவிடுமாம். என் பட்டியலில் அந்த வசதிக்கு மட்டும் டிக் போடக் கை வரவில்லை.) தோட்டம் முழுக்க நடந்தோம். வரப்பில் கத்தியது, வாய்க்காலில் கத்தியது, பாறை மேலும் கத்தியது. பின்னாலேயே வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"தோட்டம் பூராத் தண்ணின்னா நான் ஏனுங்க டேங்கர்ல வாங்கி ஊத்தறேன்?"

சிரித்துக்கொண்டே போய்க் கல்லை உதைத்துத் தள்ளினார்.

தோட்டம் அடமானத்துக்குப் போகவில்லை. மழையும் வரவில்லை. அடுத்த கோடையில் தென்னைகள் ஒவ்வொன்றாகக் கொண்டை சாய்ந்து மொட்டையாக நின்றன. அவர் விற்றார், பிறகு மாமாவும் விற்றார். நஸ்ரின் கல்யாணமாகி துபாய் போய்விட்டாள். இரண்டு தோட்டமும் சேர்ந்து இப்போது வீட்டு மனைகள். நடுவில் வரப்பு எங்கே ஓடியது என்று என்னால்கூடக் காட்ட முடியவில்லை.

போன மாதம் பழனிச்சாமி அண்ணனைத் திருப்பூரில் அவர் மகன் வீட்டில் பார்த்தேன். இங்கே சௌகரியமா என்று கேட்டேன்.

"கொழாயத் தொறந்தாத் தண்ணி வருதுங்க அம்மணி," என்றார். "எங்கிருந்து வருதுன்னுதான் தெரியல."