சின்னத் தட்டாக வராத விக்கல் பாட்டு

பிள்ளைகளே, இசைத்தட்டில் பெரியது, சின்னது என்று இரண்டு உண்டு. பெரிய தட்டில் பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துப் பாட்டு இருக்கும். அதில் நன்றாக ஓடும் என்று கம்பெனிக்காரர்கள் நினைக்கிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்துச் சின்னத் தட்டாகப் போட்டு விற்பார்கள். வானொலியில் வருவதும் கடைத்தெருவில் கேட்பதும் அந்தச் சின்னத் தட்டுதான். மற்றப் பாட்டெல்லாம் பெரிய தட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். இந்த விஷயத்தில் ஒரு அமெரிக்கக் கம்பெனி பெரிய தவறு ஒன்று செய்தது. நான் சொல்லாவிட்டால் உங்களுக்கு வேறு யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரை. ஹாலிஎலவுக்கு மேலே இருந்த தோட்டத்தில், ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் ஸ்டோர் என்போம். எட்டாம் வகுப்பு என்பது எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பெரிய படிப்பு. தோட்டத்தை நடத்துகிற துரைக்குப் போகிற மனுவெல்லாம் என் கையால் எழுதியதுதான். கூரை ஒழுகுகிறது, குழாயில் தண்ணீர் வரவில்லை, இந்த மாதிரி. ஒன்றும் நடக்காது. ஆனால் எழுத்து நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள்.

தோட்டங்களை இலங்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கிளம்பினார். போகும்போது பங்களாச் சமையல்காரருக்கு பாட்டுப் போடுகிற ஒரு ரெக்கார்ட் பெட்டியையும் ஏழு பெரிய தட்டுகளையும் கொடுத்தார். சமையல்காரர் எனக்கு மாமா முறை. ஆறு தட்டுகளை அவர் ஊறுகாய்ச் சட்டிகளுக்கு மூடியாக்கிவிட்டார். நடுவில் ஓட்டை இருப்பதால் காற்றோட்டம் நல்லது என்றார். ஏழாவது தட்டு தப்பித்ததற்குக் காரணம், அவரிடம் ஏழாவது சட்டி இல்லை.

அந்தத் தட்டின் அட்டையில் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு கறுப்பர், கண்ணை மூடிக்கொண்டு வியர்வை ஒழுக நின்றார்.

"இதுக்குப் பேரு சோல் மியூசிக்கு மாப்பிள" என்றார் மாமா. "ஆத்மாவுலருந்து பாடுறது. தொர இதப் போட்டுட்டு சோபாவுல படுத்து அழுவாரு."

"எதுக்கு மாமா அழுவாரு?"

"எனக்கென்னா தெரியும்? நான் அந்நேரம் வெங்காயம் வெட்டிக்கிட்டு இருப்பேன். நானுந்தான் அழுவேன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நானும் மாமாவும் பங்களாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தத் தட்டைக் கேட்போம். முதல் பக்கத்து முதல் பாட்டு எல்லோருக்கும் தெரிந்தது. சின்னத் தட்டாக வந்தது. பதுளையில் பஸ் நிலையத்துக்கு எதிரில் இருந்த ரெக்கார்ட் கடையில் நாளைக்கு நாலு தரம் ஓடும். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது கல்யாண வீட்டு வாசலில் நின்று வாங்க வாங்க என்று கூப்பிடுகிற ஆள் மாதிரி. சாப்பாடு உள்ளேதான் இருக்கிறது.

உள்ளே இருந்ததில் மூன்று பாட்டு சின்னத் தட்டாக வந்திருக்க வேண்டியவை. எனக்கு இங்கிலீஷ் அரைகுறை என்பதால் நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதலாவது, கதவுப் பாட்டு. மேளக்காரர் கதவைத் தட்டுகிற மாதிரியே அடிப்பார், பாடுகிறவர் உள்ளே இருந்து போ போ என்கிற மாதிரி பாடுவார். கடைசி வரை கதவு திறக்காது. இரண்டாவது, சண்டைப் பாட்டு. அவர் ஒன்று சொல்வார், பின்னால் மூன்று பெண்கள் அதெல்லாம் கிடையாது என்கிற மாதிரி இழுப்பார்கள். குழாயடிச் சண்டையை இவ்வளவு சுருதியோடு நான் எங்கேயும் கேட்டதில்லை.

மூன்றாவதுதான் விக்கல் பாட்டு. இரண்டாம் பக்கத்துக் கடைசி. ஆரம்பத்தில் ஆர்மோனியம் மாதிரி ஒரு வாத்தியம் தனியாக ஊர்ந்து வரும். பிறகு மேளம். பிறகு ஊதுகுழல்கள். முக்கால் நிமிஷம் ஆகியும் பாடுகிறவர் வாயைத் திறக்க மாட்டார். இதோ, இதோ என்று நாம் உட்கார்ந்த இடத்தின் நுனிக்கு வந்துவிடுவோம். அப்புறம் மூச்சை இழுப்பார். அந்த மூச்சு தட்டிலேயே கேட்கும். பிறகு பாடிக்கொண்டே போகும்போது சரியாக நடுவில் தொண்டை அடைத்து ஒரு விக்கல். மேளக்காரர் அந்த விக்கலுக்காகத் தாளத்தையே கொஞ்சம் நிறுத்திப் பிடிப்பார். ஓடி வருகிற ஆளுக்காக ரயில் நிற்கிற மாதிரி. இதைச் சின்னத் தட்டாகப் போடாத கம்பெனியை என்னவென்று சொல்வது?

நான் ரெக்கார்ட் கடை நானாவிடம் போய்ச் சொன்னேன். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். அவர் பெரிய வியாபாரி, சிரித்துப் பேசுவார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"தம்பி, கம்பெனிக்காரன் என்ன மடையனா? நல்ல பாட்டத்தானே சின்னத் தட்டுல போடுவான்."

"இந்தப் பாட்டு ரேடியோவுல ஒரு தடவ வரட்டும் நானா. அப்புறம் பாருங்க."

"சின்னத் தட்டா வராத பாட்டு ரேடியோவுல எப்புடி வரும்?"

"வரும். ஒரு மாசத்துக்குள்ள வரலன்னா மீசைய எடுத்துர்றேன்."

பேச்சுக்குச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் நானா எட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். "சரி. வந்துச்சுன்னா ஒரு ஞாயித்துக்கிழமை பூரா நம்ம கடை ஸ்பீக்கர்ல அந்தப் பாட்டுத்தான்."

எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் அப்போது கல்யாணமாகி நாலு மாதம். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏங்க, மீசையில்லாம வந்தீங்கன்னா நான் கதவத் தொறக்க மாட்டேன்" என்றாள். அந்தக் கதவுப் பாட்டு எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

வானொலியில் சனிக்கிழமை சாயங்காலம் கால் மணி நேரம், நேயர்கள் கேட்கிற வேற்றுமொழிப் பாட்டுப் போடுவார்கள். மற்றவர்கள் தபாலட்டையில் இரண்டு வரி எழுதிப் போடுவார்கள். எனக்கு அது தெரியாது. பெரிய இடத்தில் ஒன்றைக் கேட்பது என்றால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். நீளத் தாளை எடுத்தேன். "மகா கனம் பொருந்திய வானொலி ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு, கீழே கைநாட்டும் கையொப்பமும் இட்டிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது" என்று ஆரம்பித்தேன். அட்டையில் இருந்த இங்கிலீஷ் பெயரைப் பார்த்து எழுதி, பெரிய தட்டு, இரண்டாம் பக்கம், ஐந்தாம் பாட்டு என்று தெளிவாகக் குறித்தேன்.

மனு என்றால் ஆள் பலம் வேண்டும். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் தாளோடு போய் நின்றேன். விரல் பதிக்க, ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு எழுத்து அடிக்கிற கறுப்பு மையைக் கொண்டுபோயிருந்தேன்.

"என்னாத்துக்குத் தம்பி? கூரைக்கா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"இல்லக்கா. பாட்டுக்கு."

"கூரைக்கு எழுதி என்னா நடந்துச்சு? பாட்டாவது வரட்டும்." விரலை அழுத்தினார். பிறகு யோசித்து, "தாள்ல எடம் கெடக்குதுல்ல? நாலாம் லயத்துக் கூரையையும் ஒரு வரி எழுதிரு" என்றார். எழுதினேன்.

அறுபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் தன் ஆட்டின் பெயரையும் சேர்க்கச் சொன்னார், அதற்கும் பாட்டுப் பிடிக்குமாம். அந்த மை மூன்று நாள் போகவில்லை. மலை முழுவதும் கறுத்த கட்டைவிரலோடு கொழுந்து பறித்ததைப் பார்த்துக் கங்காணி, "என்னாடா இது, புது நோயா?" என்று பயந்துபோனார்.

மூன்றாவது சனிக்கிழமை. உங்கள் அம்மா சீதனமாகக் கொண்டுவந்த சின்ன ரேடியோவை வாசல் படியில் வைத்தோம். லயமே கூடிவிட்டது. ஐந்து மணிக்குச் செய்தி. ஐந்துக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது அறிவிப்பாளர் அம்மா, "நேயர்களே, எங்களுக்கு ஒரு மனு வந்திருக்கிறது" என்றார்.

அந்த அம்மா மகா கனம் பொருந்தியதில் தொடங்கினார். ஒரு சொல் விடவில்லை. பிறகு பெயர்கள். எங்கள் லயத்தில் ஒரே பெயரில் மூன்று பேர். "இன்னொரு", "மற்றுமொரு" என்று அவர்களையும் மரியாதையாக வாசித்தார். பெயர் வரும்போதெல்லாம் அந்தந்த ஆள் துள்ளிக் குதித்து, பக்கத்து ஆளின் முதுகில் அறைந்தான். எனக்கு மட்டும் கண் கடிகாரத்தில்.

"வாசிச்சது போதும், பாட்டப் போடுங்கம்மா!" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினேன்.

"இருய்யா, எம்பேரு இன்னும் வரல" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆட்டைச் "செல்வி" என்று சேர்த்து வாசித்தார். அதற்குப் பெண்பிள்ளைப் பெயர்தான். ஆட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார். கடைசியாக, "நாலாம் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறார்கள். இதோ அவர்கள் விரும்பிய பாடல்" என்றார்.

ஆர்மோனியம் ஊர்ந்து வந்தது. மேளம் வந்தது. ஊதுகுழல் வந்தது. பச்சைக் கோட்டுக்காரர் மூச்சை இழுத்தார். டிங் என்று மணி அடித்தது. செய்திகள் வாசிப்பது என்று வேறொருவர் ஆரம்பித்துவிட்டார்.

லயத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவர்களுக்குப் பெயர் வந்ததே போதும். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வியாழக்கிழமை நாலாம் லயத்துக்குப் புதுத் தகரம் வந்து இறங்கியது. நாடு பூராவும் கேட்டுவிட்டதே, புதுத் துரை என்ன செய்வார்? லயத்து ஆட்கள் என்னைத் தோளில் தூக்காத குறை. ஆனால் நான் கேட்டது தகரம் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவோடு பதுளைக்கு இறங்கினேன். நானா கடை வாசலிலேயே நின்றார்.

"கேட்டேன் தம்பி, கேட்டேன். பாட்டு எங்க வந்துச்சு? பாடுறவன் வாயே தொறக்கல. ஒனக்குக் கூரை கெடச்சிருச்சு, எனக்கு மீசையக் குடு."

"மூச்சு விட்டாரே நானா! ரேடியோவுல வந்துச்சா இல்லியா?"

"பாதி வந்துச்சு."

"அப்ப பாதி தர்றேன்."

வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று நீங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துச் சலூனில் உட்கார்த்தி வலது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். நானாவும் நியாயமான மனிதர். "நானும் பாதி செய்றேன். ரேடியோவுல எவ்வளவு வந்துச்சோ அவ்வளவு, ஒரு நாள் பூரா" என்றார். மாமாவிடம் வாங்கிப் போயிருந்த தட்டைப் போட்டு, ஸ்பீக்கரைப் பஸ் நிலையத்துப் பக்கம் திருப்பினார்.

ஆர்மோனியம், மேளம், ஊதுகுழல், மூச்சு. ஊசியைத் தூக்கினார். மறுபடி ஆர்மோனியம், மேளம், ஊதுகுழல், மூச்சு. ஊசியைத் தூக்கினார். முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஆறாவது தடவை, எதிரே மரக்கறி விற்றவர் தராசைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். பத்தாவது தடவை மூச்சு வந்தபோது தெருவில் ஏழெட்டுப் பேரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். ஊசி தூக்கியதும் அந்த மூச்சை எங்கே விடுவதென்று தெரியாமல் நின்றார்கள்.

"யோவ் நானா, அவனப் பாட விடுய்யா! போஞ்சி நிறுக்க முடியல!" என்று காய்க் கூடைக்கு மேலாக மரக்கறிக்காரர் கத்தினார்.

பசறை பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்தார். "நானா, ஆளுங்க ஏற மாட்டேங்குறாங்க. அந்தாளு என்னா சொல்லப் போறாருன்னு தெரிஞ்சாத்தான் வருவாங்களாம்."

நானா கையைக் கட்டிக்கொண்டு, "பேச்சு பேச்சுதான்" என்றார். மறுபடியும் தட்டைப் போட்டார். மூச்சு வந்தது. அவர் கை ஊசிக்குப் போகும் முன்னால், அதுவரை என்னோடு பேசாமலே நின்ற உங்கள் அம்மா கடைக்குள் ஏறிப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"கைய எடுங்க நானா. பாதி மீச போயிருச்சு. அது எதுக்காகப் போச்சுன்னு நான் கேக்க வேணாமா?"

பச்சைக் கோட்டுக்காரர் பாடினார். பஸ் நிலையத்துக்கு மேலே அந்தக் குரல் போனது. விக்கல் வந்த இடத்தில் மரக்கறிக்காரர் "அடேயப்பா" என்றார். தராசைக் கீழே வைத்துவிட்டார். முடிந்ததும் மூன்று பேர் படியேறி, அந்தப் பாட்டுக்குச் சின்னத் தட்டு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

நானா என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இல்ல. கம்பெனி போடல."

"ஏன் போடல?"

"இந்தத் தம்பிக்கிட்ட கேளுங்க. அவருக்குத்தான் தெரியும்."

நான் படியில் ஏறி நின்று சொன்னேன். மேளக்காரர் நிறுத்திப் பிடிப்பதைச் சொன்னேன், ஊதுகுழல் எங்கே விலகி வழிவிடுகிறது என்பதைச் சொன்னேன், கம்பெனியின் தவறைச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. நான் முடித்த பிறகுதான் சிரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் அம்மா ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, மீசை மிச்சமிருந்த பக்கமாக வந்து உட்கார்ந்தாள். பஸ் ஹாலிஎலவை நெருங்கும்போது என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இன்னும் ரெண்டு பாட்டு இருக்குன்னீங்களே" என்றாள். "அதெல்லாம் எப்புடி?"