பாட்டு முடியும்வரை

"வாய மூடு. பாட்டு வரப் போவுது" என்று சொல்லிவிட்டு மோனிகா தன் சைனா போனை, விறைத்த கைகளை முக்குகிற மெழுகுத் தொட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்தாள். மேசையைச் சுற்றி நான்கு இளைஞர்கள். ஒவ்வொருவன் கையிலும் ஒரு ரப்பர் பந்து. போனில் முதலில் ஒரு கிதார் கீச்சிட்டது. பிறகு டிரம் இடித்தது. பிறகு ஜப்பான்காரன் ஒருவன் தொண்டை கிழியப் பாட ஆரம்பித்தான். பந்துகள் நசுங்கின.

கும்மிடிப்பூண்டி பஜாரில், பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் பிசியோதெரபி நிலையம் இது. சிப்காட் தொழிற்பேட்டையில் பிரஸ் மிஷினிலும் ரோலரிலும் கையைக் கொடுத்து நசுக்கிக்கொண்டவர்கள் தையல் பிரித்த பிறகு இங்கே வருகிறார்கள். காயம் ஆறிவிடும், விரல் மடங்காது. மடக்க வைப்பது மோனிகாவின் வேலை. டாக்டர் சென்னையிலிருந்து எப்போதாவது வருவார். மற்ற நேரமெல்லாம் எல்லாம் அவள்தான்.

வயது இருபத்தைந்து. ஊர் கவரைப்பேட்டை. தாய் மேரி அடுத்தவர் வயலில் களை பறித்துத் திருவள்ளூரில் படிக்க வைத்தாள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள் மோனிகா. வெள்ளைக் கோட்டின் பைகளில் பேனா இருக்காது, துணி கிளிப்புகள் இருக்கும்; விரலால் கிள்ளித் திறக்கும் பயிற்சிக்கு. "வலிக்குதா?" என்று யாரையும் கேட்க மாட்டாள். நெற்றியைப் பார்ப்பாள். "வாயி பொய் சொல்லும். நெத்திக்கு அந்த சாமர்த்தியம் இல்ல."

பாட்டு வந்த கதை எளிது. பத்து தடவை அமுக்கு என்றால் எல்லாரும் எண்ணிக்கையில் திருடினார்கள். "மூணுக்கு அப்புறம் ஏழுன்றானுங்க. பள்ளிக்கூடத்துல இன்னாத்த படிச்சானுங்களோ." ஒரு நாள் ஒரு பையனின் போன் அடித்தது. கேபிளில் வந்த பழைய ஜப்பான் கார்ட்டூனின் ஆரம்பப் பாட்டு. அறையிலிருந்த எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன, எல்லா வாயும் கூடவே பாடின, கைகள் தாமாகவே பந்தை அமுக்கின. மோனிகாவும் பாடினாள். அவளும் தம்பியும் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதே கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

அன்றே கடிகாரத்தை வைத்துப் பார்த்தாள். அந்தப் பாட்டு ஒன்றரை நிமிடம். வேறொன்றைப் போடச் சொன்னாள். அதுவும் ஒன்றரை. "எல்லாருக்கும் ஒரே அளவுல சட்ட தெச்ச மாதிரி இல்ல கீது!" ஒரு பயிற்சிக்குச் சரியான நேரம். அதிலிருந்து நிலையத்தின் சட்டம் இதுதான்: ஆரம்பப் பாட்டுக்குப் பிடி, கார்ட்டூன் முடியும்போது வருகிற மெதுவான பாட்டுக்கு விரலை விரி. பாட்டு முடியும்வரை நிறுத்தக் கூடாது.

அர்த்தம் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவனை அவள் விடவில்லை. "அர்த்தம் தெரிஞ்சா அதையே யோசிச்சினு இருப்ப. கை தூங்கிடும்."

பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று சண்டை வரும். இருபத்துமூன்று வயதுக்காரர்கள் பள்ளி நாட்களில் கேட்டதுதான் பாட்டு என்பார்கள். அவர்களைவிடச் சின்னவர்கள் பிரவுசிங் சென்டரில் புதுக் கார்ட்டூன்களின் ஆரம்பத்தை இறக்கி வருவார்கள். தீர்ப்பு மோனிகாவுடையது. "புதுசு நல்லாத்தான் கீது. ஆனா நடுநடுவுல மூச்சு வாங்குறான், உங்க புடி வுட்டுப்போவுது. பழசப் போடு." பாட்டை ரசிப்பதற்கு அவளிடம் வேறு அளவுகோல் இல்லை.

பழவேற்காட்டு அத்னான் வந்தபோது அவனுடைய வலது கையில் இரண்டு விரல்கள் விறகுபோல நீட்டிக்கொண்டு நின்றன. பிரஸ்ஸில் அறுந்த நரம்பைத் தைத்திருந்தார்கள். கம்பெனி ஒரு தேதி கொடுத்திருந்தது. அன்று கம்பெனி டாக்டர் முன்னால், பிடியின் வலுவை அளக்கிற கருவியை அழுத்திக் காட்ட வேண்டும். முள் ஏறினால் மறுபடி பிரஸ் ஆபரேட்டர். ஏறாவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அவனுடைய தந்தை கமால் பாய்க்கு அதில் வருத்தமில்லை. கருவாட்டு மண்டியில் மகனுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்.

"அத்தா மண்டிக்கு வாடான்றாரு. எனக்கு மிஷின்தான் அக்கா வேணும்" என்றான் அத்னான்.

"அத எங்கிட்ட சொல்லாத, பந்துகிட்ட சொல்லு."

மோனிகாவின் நாஷ்டா டப்பா ஒன்று உண்டு. எவர்சில்வர், விளிம்பு நெளிந்து மூடி இறுகிப்போனது. புதிது வாங்க மாட்டாள். கை தேறியவன் அதைத் திறந்து காட்ட வேண்டும்; திறந்தால் உள்ளே இருப்பதில் பாதி அவனுக்கு. அத்னான் தினமும் முயன்றான். மூடி அசையவில்லை. அந்தக் கோபத்தில் வீட்டிலும் பயிற்சி செய்தான்.

தேதிக்கு முந்தைய வாரம் அவன் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால், பேக்கரி பன் மாதிரி வீங்கியிருந்தது.

"இன்னாடா பண்ணித் தொலச்ச?"

"நீங்க சொன்னதுதாங்க்கா. பாட்டு முடியுற வரைக்கும்."

"எந்தப் பாட்டு? போடு."

அவன் இடது கையால் போனை அமுக்கினான். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுதான். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. இன்னொரு சரணம் வந்தது. பிறகு கிதார் மட்டும் தனியே நெடுநேரம் அழுதது. பிறகு மறுபடி ஆள் பாடினான். பிரவுசிங் சென்டரில் முழுப் பாட்டை ஏற்றித் தந்திருந்தார்கள். டிவியில் வந்தது அதன் தலைப்பகுதி மட்டும்தான் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. மற்ற பையன்கள் பந்தை விட்டுவிட்டு வாய் பிளந்து நின்றார்கள்.

"நம்ம பாட்டுக்குள்ள இன்னும் இவ்ளோ கீதா!" என்றான் ஒருவன்.

மோனிகா போனை வாங்கி அணைத்தாள். "எத்தினி தபா இதுக்குப் புடிச்ச?"

"எண்ணல. நீங்கதான எண்ண வேணாம்னீங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒரே கணம். "தப்பு எம்மேல. முடியுற வரைக்கும்னேன். எங்க முடியும்னு சொல்லல." பிறகு தலையணை மேல் அவன் கையை உயர்த்தி வைத்து, ஐஸை ஈரத் துணியில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் கமால் பாய் மாடிப்படி அதிர ஏறி வந்தார். "இன்னாம்மா இது! பொம்மப் படத்துப் பாட்டு போட்டு எம்புள்ள கையக் கெடுத்துட்டியே!"

"கெடுத்தது நாந்தான் பாய். சரி பண்றதும் நாந்தான். இந்தாங்க, ஐஸ நீங்க புடிங்க. அமுக்காம புடிங்க."

அவர் கத்த வந்ததை மறந்துவிட்டு ஐஸைப் பிடித்தார். அன்று மட்டுமல்ல, வீக்கம் வற்றும்வரை தினமும் வந்து பிடித்தார். மண்டியில் கருவாடு எடை போட்டுப் பழகிய கை; ஒரு பக்கமாகச் சாயாது.

"தேதிய தள்ளி வெக்கச் சொல்லவா அக்கா?" என்று அத்னான் கேட்டான்.

"வேணாம். தள்ளுனா உனக்கே உம்மேல நம்பிக்க போயிடும். வீக்கம் எறங்கும். பந்தத் தொடாத. கடைசிப் பாட்டு மட்டும்தான் உனக்கு, விரல மெல்ல விரிக்கணும்."

"அந்தப் பாட்டு வந்தாலே எல்லாரும் சேனல மாத்திடுவாங்களே!"

"அதான் எவனுக்கும் கை சரியாவல."

வீக்கம் இறங்கியது. மறுபடி பந்து; ஒன்றரை நிமிடம், அதற்குமேல் இல்லை. டப்பாவைத் திறந்து பார்க்கிறேன் என்று அவன் கேட்டபோது அவள் தரவில்லை. "அது அப்புறம்."

அந்தத் தேதியில் மோனிகா அரை நாள் லீவு போட்டுவிட்டு அவனோடு கம்பெனிக்குப் போனாள். செக்யூரிட்டி அவர்கள் இரண்டு பேருடைய போனையும் கேட்டிலேயே வாங்கிக்கொண்டார். மருத்துவ அறை வாசலில் அத்னானின் நெற்றி வேர்த்திருந்தது.

"அக்கா, பாட்டு?"

"மண்டைக்குள்ள கீதுல்ல? அதப் போடு. எங்க நிக்கணும்னு தெரியுமில்ல?"

அவன் உள்ளே போனான். அவளுக்கு அனுமதி இல்லை. கழற்றாத வெள்ளைக் கோட்டோடு வெளியே பெஞ்சில் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தாள். உதடு லேசாக அசைந்தது. கூடவே கொண்டுவந்து மடியில் வைத்திருந்த நாஷ்டா டப்பாவின் மேல் அவளுடைய வலது கை தானாக மூடித் திறந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

கதவு திறந்தது. "பாஸுக்கா! திங்கக்கெழமலேந்து டூட்டி! முள்ளு சும்மா போய் நின்னுச்சு பாருங்க..." அத்னான் சொல்லிக்கொண்டே வந்தான்.

மோனிகா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவை நீட்டினாள். அவன் வலது கையால் மூடியைப் பற்றித் திருகினான். இரண்டு விரல்களும் மற்றவற்றோடு சேர்ந்து மடங்கின. மூடி பட்டென்று கழன்று, சட்னி அவளுடைய கோட்டில் தெறித்தது.

அவள் கோட்டைத் துடைக்கவில்லை. மூடியை வாங்கி, உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, முன்னைவிட இறுக்கமாக மூடி, மறுபடி அவனிடமே நீட்டினாள்.

"இன்னொரு தபா."