என் வண்டியின் நான்கு ஹீட்டர் பிளக்குகள்

என் முட்டை வண்டியை வாங்கிக்கொள்ள புரோக்கர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை ஏழு மணிக்கே பானெட்டைத் தூக்கிவிட்டு அதன் முன்னால் போய் நின்றேன். இருந்த கோபத்தில் காபிகூடக் குடிக்கவில்லை.

பழைய டீசல் மினி லாரி அது. நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் முட்டை ஏற்றி ராசிபுரத்துக் கடைகளுக்குப் போடுவேன். ஓட்டுவதும் நானே. வண்டி கைவிட்டுப் போனால் பழையபடி பண்ணையில் முட்டை பொறுக்கத்தான் போகவேண்டும். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்துப் பழகிய பிறகு, இன்னொருவர் சொல்லும் கூண்டுக்குப் போய்க் கைநீட்ட எனக்கு மனசில்லை.

ஆயுத பூஜை முடிந்து சில நாட்களில் தொல்லை ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றும், வெள்ளைப் புகையைத் தள்ளும், பிடிக்காது. அதே வண்டி மதியம் வெயிலில் நின்ற பிறகு ஒரே திருப்பில் கிளம்பும். மார்கழி வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. கடைக்காரர்கள் மதியம்வரை யாருக்காகக் காத்திருப்பார்கள்?

டீசல் என்ஜின் குளிரில் கிளம்ப உள்ளே சூடு வேண்டும். அதற்காக நான்கு சிலிண்டருக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகள் உண்டு. சாவியைப் பாதி திருப்பிக் கொஞ்சம் பொறுத்தால் அவை சூடேறிச் சிவக்கப் பழுக்கும். மெக்கானிக் முதலில் நான்கையும் புதிதாக மாற்றினார். அப்படியும் கிளம்பவில்லை. அடுத்த முறை, வயர் வந்து சேரும் முதல் பிளக்கில் டெஸ்ட் பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு எரிந்தது.

"ஹீட்டர்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க்கா, கரண்டு நல்லா வருது. என்ஜினே தேஞ்சு போச்சுங்க. பிரிச்சு வேலை பாக்கறதுக்குப் பதிலா வித்துப்போடலாமுங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டு, புரோக்கருக்கும் சொல்லிவிட்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால்தான் அன்று காலை இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரைக் கட்டி, நானே ஒரு டெஸ்ட் பல்பு செய்தேன். பல்பு நல்லதா என்று பார்க்க ஒரு வயரை என்ஜின் மேல் வைத்து, இன்னொன்றைப் பேட்டரியின் பிளஸ்ஸில் தொட்டேன். எரியவில்லை. முதல் வயரை எடுத்துப் பேட்டரியின் மைனஸில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. மறுபடி என்ஜினில் வைத்தால் இருட்டு. வைத்த இடத்தைக் குனிந்து பார்த்தேன். வெள்ளி பெயிண்ட்.

கத்தி முனையால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு வைத்தேன். எரிந்தது. கரண்டைத் தடுத்த அந்தப் பெயிண்டை அடித்தவள் நான்தான்.

ஆயுத பூஜைக்கு எல்லோரும் வண்டியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். எனக்கு அது போதவில்லை. என்ஜினுக்கே வெள்ளி பெயிண்ட் அடித்தேன். நான்கு பிளக்குகளின் தலையையும் இணைக்கும் இரும்புப் பட்டை ஒன்று உண்டு. அதைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரண்டு கோட் அடித்து, காயவைத்து மாட்டினேன். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன் வேறு.

"ஏனுங்க, இங்க வந்து சாவியப் பாதி திருப்பிப் புடிங்க" என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"விக்கற வண்டிய எதுக்கு புள்ள நோண்டிட்டிருக்கற?" என்று முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

முதல் பிளக்கில் பல்பு எரிந்தது. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் இல்லை, நான்காவதிலும் இல்லை. வயரின் முனை முதல் பிளக்கில் நேராக உட்கார்ந்திருந்ததால் அதற்கு மட்டும் கரண்டு போயிருக்கிறது. மற்ற மூன்றுக்கும் அந்தப் பட்டை வழியாகத்தான் போகவேண்டும். என் பெயிண்ட் விடவில்லை. மெக்கானிக் பார்த்தது முதல் பிளக்கை மட்டும்.

வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். சந்தோஷம்தான் அதிகம். பட்டையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தேன். பிளக்கின் மரை, நட்டு எதையும் விடவில்லை. விரல் நுனி எரிய எரியத் தேய்த்தேன். அடியில் இரும்பு தெரியத் தெரிய எனக்குச் சிரிப்பு வந்தது.

பட்டையை மாட்டிக் கடைசி நட்டை முறுக்கும்போது புரோக்கர் பைக்கில் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு முன்பே. வண்டிக்கு எதிரிலேயே பைக்கை நிறுத்தினார். அவரை வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்து சாவியைப் பாதி திருப்பினேன். கொஞ்சம் பொறுத்தேன். முழுதாகத் திருப்பினேன்.

ஒரே திருப்பு. புகை இல்லை, இழுவை இல்லை. இரவு முழுக்கப் பனியில் கிடந்த என்ஜின் உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் கத்தியே விட்டேன்.

புரோக்கர் ஜன்னலருகில் வந்தார். "அட, வண்டி நல்லாத்தானுங்க ஓடுது! அப்ப வெலைய இன்னுங் கொஞ்சம் ஏத்திக்கலாமுங்க்கா" என்றார்.

"முட்டைக்கு நேரமாச்சுங்க. உங்க பைக்கக் கொஞ்சம் நவுத்துங்க" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் போய் பைக்கின் ஸ்டாண்டைத் தட்டி, அதை ஓரமாகத் தள்ளி நிறுத்தினார்.