ஷர்மைனின் முதுகு

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷர்மைனுக்குச் சோதனைக்கூட வேலை. மூன்று வருடங்களுக்கு முன் அங்கே ஒரு குழாய் வெடித்து, கொதிநீராவி அவள் முதுகைப் பொசுக்கிவிட்டது. அதன்பின் யாராவது பின்னால் வந்து நின்றாலே அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். புண் ஆறிய முதுகைக் கணவன் லியோனார்டுகூடப் பார்த்ததில்லை. அவள் காட்டவில்லை, அவன் கேட்கவுமில்லை.

ஜோகூர் பாருவில், பழைய கடைவீட்டு மாடியில் லோஷினி நடத்திய ஞாயிற்றுக்கிழமைக் கலை வகுப்புக்கு அவள் போக ஆரம்பித்தாள். "எந்த இடம் உங்களுக்குப் பயமோ, அதையே கலையாக் கட்டிப் பாருங்கக்கா," என்றாள் லோஷினி. ஷர்மைன் தன் பழைய வேலைச் சட்டைகளை ஒன்றோடொன்று தைத்து, ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய சந்து ஒன்றைத் தொங்கவிட்டாள். அதன் முடிவில், விளக்கு வெளிச்சத்தில், லோஷினியின் உதவியோடு பிளாஸ்டரில் வார்த்தெடுத்த அவளுடைய முதுகு. தழும்புச் சுருக்கங்கள் ஒன்றுவிடாமல் இருந்தன.

அந்த மாடியிலேயே வகுப்பின் கண்காட்சி தொடங்கிய அன்று அவள், யாரும் பின்னால் வர முடியாதபடி, சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள். லியோனார்டிடம் ஏதோ தையல் கண்காட்சி என்றுதான் சொல்லியிருந்தாள். அவன் வராமலிருந்தால் தேவலை என்று நினைத்தாள். கண் என்னவோ படிக்கட்டைவிட்டு நகரவில்லை.

வந்தான். உள்ளே போனவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அது உன் முதுகா?"

தலையாட்டினாள்.

"யார் யாருக்கோ காட்டுற. எனக்குக் காட்டல."

"அவங்க பாத்துட்டுப் போயிடுவாங்க. நீங்க பாத்துட்டு என்கூட வீட்டுக்கு வரணும்."

அவன் படியிறங்கிப் போனான். போயே போய்விட்டான் என்று அவள் நினைத்தாள்.

"நான் போய்க் கூப்பிடட்டுமாக்கா?" என்றாள் லோஷினி.

"வேணாம்லா. விடு."

கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பி வந்தான், கையில் நெகிழிப் பையில் கட்டிய இரண்டு பொட்டலம் தேநீரோடு. ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, அவள் பார்வையில் படும்படி சற்றுத் தள்ளி நின்றான்.

"இப்பவும் வலிக்குதா?"

"வெயில் பட்டா தோல் இழுக்கும். படுத்தா அரிக்கும்." சொல்லத் தொடங்கியவளால் நிறுத்த முடியவில்லை. ஆட்கள் சந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

இன்னொரு முறை உள்ளே போய்ப் பார்க்கவா என்று கடைசியில் கேட்டான்.

"இன்னிக்கி வேணாம்," என்றாள்.

"சரி," என்று அங்கேயே நின்றான்.