மூன்றாவது பிளீச் கழுவல்

திருவனந்தபுரத்தில், டயாலிசிஸ் வடிகட்டிக்கான பாலிமர் சவ்வு செய்யும் ஆய்வுக்கூடத்தில் எனக்கு நெடுநாள் வேலை. எங்களுக்கு ஜென்மப் பகை என்றால் புரதம்தான். ரத்தத்திலுள்ள புரதம் ஒட்டிக்கொண்டால் சவ்வின் துளைகள் அடைத்துவிடும். அதைத் தடுக்க, சவ்வின் மூலப்பொருளான பாலிசல்போன் கரைசலில் தண்ணீரோடு ஒட்டும் குணமுள்ள இன்னொரு பாலிமரைக் கலப்போம். கண்ணாடியில் மெல்லிசாக இழுத்துத் தண்ணீரில் இறக்கினால் வெள்ளைச் சவ்வாக உறையும்.

என்னோடு இந்த வேலையில் இருந்தவள் பாறசாலைக்காரி ஸ்டெல்லா. அவள் கணவர் ஜஸ்டினுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அவர் இருக்கும்போதே நம் சவ்வு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்பாள்.

முதல் சோதனையில் சவ்வு பிரமாதமாகத் தேறியது. எங்கள் டைரக்டர் நல்லவர்தான், ஆனால் அவசரக்காரர். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஸ்டெல்லாவுக்கு மட்டும் திருப்தியில்லை. நம் ஊரில் ஒரு வடிகட்டியை ஒரே தடவையோடு தூக்கிப்போடக் கட்டுப்படியாகாது. பிளீச்சில் கழுவி அதே நோயாளிக்குத் திரும்ப மாட்டுவார்கள். ஜஸ்டினுக்குத் துணையாக வார்டில் உட்கார்ந்து அவள் பார்த்தது அது. அதனால் சவ்வைப் பிளீச்சில் கழுவுவதும் புரதக் கரைசலை அதில் வடிகட்டுவதுமாக இருந்தாள். மூன்றாவது கழுவலுக்குப் பிறகு, புரதம் ஒட்டிய இடத்தை நீலமாகக் காட்டும் சாயத்தை ஊற்றினாள். சவ்வு முழுக்க நீலம். நாங்கள் கலந்திருந்த பாலிமரைப் பிளீச் கொண்டுபோயிருந்தது.

"ஃபர்ஸ்ட் யூஸ்ல நல்ல ரிசல்ட் உண்டல்லோ. ரிப்போர்ட்ல அது மட்டும் போட்டா போரே? போதாதா?" என்றார் டைரக்டர்.

"மத்த ஆளுகளுக்கும் எனக்க வீட்டுக்காரர மாதிரி ஒடம்புதானே சார். இது வேண்டாம்."

அவர் போனதும் நான் கேட்டேன்: "யோசிச்சியோ? திரும்ப முதல்லேர்ந்துன்னா ரொம்ப நாளாகுமேடி. ஜஸ்டினுக்கு..."

"அவரு கிட்டயும் சொல்லிட்டேன்க்கா."

"என்ன சொன்னார்?"

"'செரி, நல்லதாப் பண்ணு'ன்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

ரிப்போர்ட் போகவில்லை. இந்தத் தடவை அந்த இன்னொரு பாலிமரை வெறுமனே கலக்காமல், பாலிசல்போனின் மூலக்கூறுச் சங்கிலியோடேயே ரசாயனமாகப் பிணைத்தோம். அது கைகூடுவதற்குள் ஜஸ்டின் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய ஸ்டெல்லா, மூன்று முறை கழுவிய புதுச் சவ்வில் சாயத்தை ஊற்றி அலசினாள். வெள்ளையாகவே இருந்தது.

"இன்னொரு தடவ கழுவிப் பாப்போம்க்கா" என்று பிளீச் கேனைத் திறந்தாள்.

கழுவாத சவ்வின் ரிசல்ட்டை எங்கள் கூடத்தில் இப்போது யாரும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.